நிகழுமுன் எழுதிய பழுதுகள்

பாலம் இடிந்த பின்பே அதன் தூணில் இருந்த குறை தெரிய வருகிறது. கப்பல் அமிழ்ந்த பின்பே அதன் அடித்தட்டிலிருந்த பிளவு பேசப்படுகிறது. மனிதன் கருவி செய்யத் தொடங்கிய நாள்முதல் அண்மைக்காலம் வரை பொறியியற் கலை பெரும்பாலும் இவ்வழியிலேயே வளர்ந்து வந்தது. அழிவே அதற்கு ஆசிரியன், இடிபாடே பாடநூல். அப்பாடம் எளிதில் மறக்கப்படுவதன்று. ஆயின் அதற்குச் செலுத்தப்பட்ட கட்டணம் பல வேளைகளில் மனித உயிராகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வழக்கத்தை மாற்றும் முயற்சி ஒன்று தோன்றியது. ஒரு பொருளைச் செய்து முடிக்குமுன்பே, “இஃது எவ்வெவ்வாறு பழுதுறக் கூடும்? பழுதுற்றால் யாது விளையும்?” என்று வினவி, விடைகளை ஒழுங்காக ஏட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் தேடும் முறையே அது. பழுதுவகை விளைவுப் பகுப்பாய்வு என அதனைத் தமிழிற் கூறலாம். இம்முறையின் வரலாற்றிலே பெருமைக்குரிய வெற்றிகள் உண்டு. பழுதை முன்னரே அறிந்து, எழுதியும் வைத்து, அதன் பின்னும் காக்கத் தவறிய பெருந்துயரமும் உண்டு.

பழைய வழியின் திறமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது கொமெற் விமானத்தின் கதை. 1952 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் நாள், இலண்டனிலிருந்து ஜொகானஸ்பேர்க் நகருக்கு உலகின் முதலாவது தாரைவிமானப் பயணிகள் சேவை தொடங்கிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொமெற் சேவை இலங்கைக்கும் நீட்டப்பட்டது. மேகங்களுக்கு மேலே அதிர்வின்றி விரைந்து சென்ற அவ்விமானத்தைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால் 1954 ஜனவரி 10 இல் உரோமிலிருந்து புறப்பட்ட கொமெற் ஒன்று எல்பாத் தீவினருகே நடுவானிற் சிதறிக் கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். காரணம் தெளிவாகவில்லை. ஐயத்துக்கிடமாயிருந்த பகுதிகள் பலவற்றைத் திருத்திய பின், மார்ச் 23 இல் சேவை மீண்டும் தொடங்கிற்று. பதினாறு நாட்கள் கழிந்து ஏப்ரில் 8 இல் இன்னொரு கொமெற் நேப்பிள்சு நகருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. அதிற் சென்ற 21 பேரும் மாண்டனர்.

இங்கிலாந்தின் பான்பரோ ஆய்வு நிலையத்தார் முழு விமானவுடலொன்றைப் பெருந் தொட்டியிலே நீரில் அமிழ்த்தினர். உயரப் பறக்கும்போது அதன் உடல் தாங்கவேண்டிய அமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். அவ்விமானம் முன்னர்ப் பறந்த பயணங்களும் தொட்டியிற் செய்த போலிப் பயணங்களுமாக 3,057 நிறைந்தபோது, சாளரத் திறப்பொன்றின் மூலையருகே உலோகம் பிளந்தது. அடிக்கடி வளைக்கப்படும் கம்பி முறிவது போல, மாறி மாறி வந்த அமுக்கத்தால் உலோகம் களைப்புற்றமையே காரணம் என்பது நிறுவப்பட்டது.

இதில் ஆழ்ந்து கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்விமானத்தை வடிவமைத்தோர் கவலையீனர் அல்லர். விமானவுடலின் ஒரு பகுதியை அவர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தடவை அமுக்கத்துக்கு உட்படுத்தி, அது தாங்குவதைக் கண்டிருந்தனர். ஆனால் அதே பகுதி அதற்கு முன்னர் வேறொரு சோதனைக்காக, வழமையான அமுக்கத்தின் இரு மடங்கு வரை ஏற்றப்பட்டிருந்தது. அப்பெரும் அமுக்கம் மூலைகளிலுள்ள உலோகத்தைச் சற்றே இழுத்து இறுக்கி, அதன் ஆயுளை நீட்டிவிட்டது. சோதிக்கப்பட்ட துண்டு பறந்த விமானங்களிலும் வலிமை மிக்கதாய் அமைந்தது. விமானம் எவ்வாறு பழுதுறும் என்று வினவியவர்கள், தமது சோதனை எவ்வாறு பழுதுறும் என்று வினவவில்லை.

கொமெற் துயரத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறையில் மாற்று வழிக்கு வித்திடப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைக்கலங்கள் மின்னணுக் கருவிகளை முன்னெப்போதும் இல்லாத அளவிற் சார்ந்து நின்றன. கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிய கருவிகளில் நூற்றுக்கணக்கான வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டி வைத்திருந்த எவரும் வால்வு எரிந்துபோவதை அறிவர். வீட்டிலே ஒரு வால்வு எரிந்தால் பாட்டு நிற்கும். போர்க்கப்பலில் எரிந்தால் எதிரியின் வருகை தெரியாது போகும். ஒரு சிறு உறுப்பின் பழுது எவ்வளவு தூரம் பரவும் என்ற கேள்வி இவ்வாறுதான் கூர்மை பெற்றது. 1949 நவம்பர் 9 ஆம் நாளிட்ட படைத்துறைச் செயன்முறை ஏடொன்று, பழுதுவகை, அதன் விளைவு, அவ்விளைவின் கடுமை ஆகியவற்றைப் பகுத்தாராயும் வழியை வகுத்தது. மின்னணுக் கருவிகளின் நம்பகத்தன்மையை ஆராயவென 1952 இல் தனி ஆலோசனைக் குழுவும் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1957 இல் வெளிவந்தது.

இம்முறையின் இயல்பை உணர்வதற்கு விமானத்தையோ போர்க்கப்பலையோ நாட வேண்டியதில்லை. அடுக்களையிலுள்ள பிரஷர் குக்கரே போதும். அதன் மூடியோரத்தில் இறப்பர் வளையம் ஒன்று உண்டு. மூடியின் நடுவில் ஆவி போகும் குழாயும், அதன் மீது எடைக்கட்டியும் உண்டு. அமுக்கம் எல்லை கடந்தால் ஆவியைத் திறந்துவிடும் காப்பு அடைப்பு ஒன்றும் உண்டு. பகுப்பாய்வு செய்பவர் ஒரு தாளைப் பல நிரல்களாகப் பிரிப்பார். முதல் நிரலில் உறுப்பின் பெயர். அடுத்து அதன் கடமை. அடுத்து அது பழுதுறும் வகை. அதன் பின் விளைவு, காரணம், பழுதைக் கண்டறியும் வழி, பரிகாரம் என நிரல்கள் தொடரும்.

இறப்பர் வளையம் காய்ந்து கடினமாகலாம். விளைவு யாது? ஆவி கசியும், சமையல் தாமதிக்கும். கசிவு கண்ணுக்கும் காதுக்கும் உடனே புலப்படும். இது சிறிய பழுது. அடுத்ததாக, ஆவிக் குழாயிற் பருப்பின் தோல் அடைத்துக்கொள்ளலாம். விளைவு கடியது, உள்ளே அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். கண்டறிதலும் அரிது. விசில் ஒலிக்காமையை “இன்னும் ஆவி வரவில்லை” எனச் சமைப்பவர் கருதக்கூடும். இதற்காகவே காப்பு அடைப்பு வைக்கப்பட்டது. ஆனால் அவ்வடைப்பும் ஓர் உறுப்பே. அதற்கும் பழுதுவகை உண்டு. பழுதுபார்ப்பவர் ஒருவர் அதனைக் கழற்றிவிட்டு வேறோர் உலோகத் துண்டைப் பொருத்தினால் என்னாகும்? நெடுங்காலம் எவ்விளைவும் தோன்றாது. குழாய் அடைபடும் நாள் வரை அப்பழுது உறங்கிக்கொண்டே இருக்கும்.

இச்சிறு பட்டியலே முறையின் நன்மைகளைக் காட்டிவிடுகிறது. ஒரு பழுதின் கடுமையும், அது நேரும் வாய்ப்பும், அது கண்ணிற்படும் எளிமையும் வெவ்வேறானவை என்பதை அது பிரித்து உணர்த்துகிறது. காவலுக்கு வைத்த உறுப்பையும் ஐயுறக் கற்பிக்கிறது. அன்றியும் வடிவமைப்பாளர், உலோகவியலார், பட்டறைத் தொழிலாளர், பழுதுபார்ப்பவர் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்துகிறது. எந்தப் பழுது எங்கு நேரும் என்பதை இவர்களுள் எவரும் தனியே முழுமையாக அறியார்.

1960 களில் சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்பலோத் திட்டம் இம்முறையைப் பெருமளவிற் கைக்கொண்டது. நாசா நிறுவனம் தனக்குப் பொருள் வழங்கிய நிறுவனங்கள் இவ்வகைப் பகுப்பாய்வைச் செய்தல் வேண்டும் என்று விதித்து, 1966 இல் அதற்கான செயன்முறை ஏட்டையும் வெளியிட்டது. ஒற்றை உறுப்பின் பழுதால் உயிரோ கலமோ அழியுமாயின், அவ்வுறுப்பு தனிப் பட்டியலொன்றில் ஏற்றப்படும். அதற்கு மாற்றுறுப்பு வைக்கவேண்டும். இயலாதெனில், ஏன் இயலாது என்பதற்குக் காரணம் எழுதி ஒப்புதல் பெறவேண்டும்.

எனினும் பட்டியலில் எழுதப்படாத பழுதைப் பட்டியல் காக்காது. 1967 ஜனவரி 27 ஆம் நாள், புளோரிடாவிலுள்ள ஏவுதளத்திலே கிறிஸம், வைற், சஃபி என்னும் மூன்று விண்வெளி வீரர் ஒத்திகை ஒன்றுக்காக அப்பலோக் கலத்துள் அமர்ந்திருந்தனர். ரொக்கெட்டில் எரிபொருள் நிரப்பப்படவில்லை. எனவே அவ்வொத்திகை ஆபத்தானதென வகுக்கப்படவில்லை. ஆனால் கலத்தினுள் நிரம்பியிருந்தது தூய ஒட்சிசன். அதன் அமுக்கமும் வெளிக்காற்றின் அமுக்கத்தைவிடச் சற்று மிகுதி. எளிதிற் பற்றும் பொருள்களும் உள்ளே நிறைந்திருந்தன. தீப்பொறி எழுந்ததும் கலம் உலைக்களமாயிற்று. உட்புறமாகத் திறக்கும் கதவை உள்ளமுக்கம் அழுத்திப் பிடித்தது. மூவரும் மாண்டனர். எரிபொருளில் மட்டும் ஆபத்தைத் தேடிய கண்கள், மூச்சுக்காக வைத்த ஒட்சிசனை ஆபத்தாகக் காணவில்லை.

மூன்று ஆண்டுகளின் பின், 1970 ஏப்ரில் 13 ஆம் நாள், சந்திரனை நோக்கிச் சென்ற அப்பலோ 13 இன் ஒட்சிசன் கலமொன்று வெடித்தது. அதன் காரணம் சிறு பழுதுகளின் சங்கிலியாக இருந்தது. கலத்தினுள் இருந்த சூடேற்றியை நிறுத்தும் ஆளிகள் 28 வோல்ற் மின்னழுத்தத்துக்கு அமைக்கப்பட்டவை. பின்னர் ஏவுதளத்தில் 65 வோல்ற் செலுத்துவதென முடிவாயிற்று, ஆளிகள் மாற்றப்படவில்லை. அதே கலம் 1968 இல் தொழிற்சாலையிற் சில அங்குல உயரத்திலிருந்து வீழ்ந்து அதிர்ந்திருந்தது. ஏவுதளத்துச் சோதனையில் அதிலிருந்த ஒட்சிசன் வழமைபோல் வெளியேற மறுத்தது. அதனைச் சூடேற்றி வெளியேற்றினர். அப்போது ஆளிகள் உருகி ஒட்டிக்கொள்ள, சூடு அளவின்றி ஏறிக் கம்பிகளின் உறையைக் கருக்கிற்று. கலத்தின் வெப்பமானியோ 80 பாகை பரனைற்றுக்கு மேற் காட்டும்படி அமைக்கப்படவில்லை. முள் 80 இல் நின்றது, பார்த்தவர் அமைதியுற்றனர். லவல், சுவைகேட், ஹெய்ஸ் ஆகிய மூவரும் அரிய முயற்சியால் ஏப்ரில் 17 இல் உயிருடன் திரும்பினர்.

தனித்தனியே நோக்கினால் இப்பழுதுகளுள் ஒன்றும் கலத்தை அழிப்பதாகத் தோன்றாது. உறுப்பு ஒன்றின் பின் ஒன்றாகச் செல்லும் பகுப்பாய்வுக்குப் பழுதுகளின் கூட்டு எளிதில் அகப்படாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. இக்குறையை நிரப்ப எதிர்த்திசையிற் செல்லும் முறையும் இருந்தது. 1960 களின் தொடக்கத்தில் மினிற்மன் ஏவுகணைக்காகப் பெல் ஆய்வுகூடத்தில் உருவான பழுதுமரப் பகுப்பாய்வே அது. அங்கே இறுதி விபத்தை உச்சியில் எழுதி, அதற்கு எவ்வெக் காரணங்கள் கூட வேண்டும் என்று கிளை கிளையாகக் கீழிறங்குவர். ஒன்று அடியிலிருந்து மேலேறுவது. மற்றையது முடியிலிருந்து கீழிறங்குவது. இரண்டும் சேர்ந்தே ஆராய்ச்சி நிறைவு பெறும்.

இக்காலத்திலேயே இச்சிந்தனை பொருளை விட்டுச் செய்முறைக்கும் பரவியது. குக்கரின் வடிவம் குற்றமற்றதாயினும், தொழிற்சாலையில் உலோகக் கலவை தவறினால் காப்பு அடைப்பு பயனற்றுப் போகும். ஆகவே ஒவ்வொரு வேலைப்படியும் எவ்வாறு தவறும் என்பதும் ஆராயப்படல் வேண்டும். 1961 இல் ஜப்பானியப் பொறியியலாளர் ஷிகேயோ ஷிங்கோ ஒரு தொழிலகத்திற் கண்ட பழுது இதற்கு நல்ல சான்று. அங்கே இரண்டு பொத்தான்கள் கொண்ட சிறு மின்னாளியைப் பெண்கள் பொருத்தி வந்தனர். ஒவ்வொரு பொத்தானின் கீழும் ஒரு வில்லுச் சுருள் வைக்கவேண்டும். சில வேளைகளில் அவர்கள் ஒன்றை மறந்துவிடுவர். கவனமாயிருக்குமாறு மேற்பார்வையாளர் எத்தனை தடவை கண்டித்தும் பயனில்லை. ஷிங்கோ ஒரு சிறு தட்டை அறிமுகஞ் செய்தார். வேலை தொடங்குமுன் இரண்டு சுருள்களை எடுத்துத் தட்டில் வைக்கவேண்டும். ஆளி முடிந்தபின் தட்டிற் சுருள் எஞ்சியிருந்தால் பிழை நேர்ந்தமை அக்கணமே தெரியும். மறதி மனித இயல்பு. அதனைக் கண்டிப்பதனால் நீக்க இயலாது. வேலையின் அமைப்பை மாற்றுவதனால் அதன் தீங்கை நீக்கலாம்.

உணவுத் துறையிலும் இவ்வழி புகுந்தது. விண்வெளி வீரருக்கு உணவு தயாரிக்கும் பணி 1959 இல் அமெரிக்காவின் பில்ஸ்பரி நிறுவனத்தாரிடம் வந்தது. விண்வெளியில் ஒருவருக்கு உணவு நஞ்சானால் மருத்துவர் இல்லை. திரும்பி வரவும் வழியில்லை. முடிந்த உணவைச் சோதித்தே அதன் தூய்மையை உறுதிசெய்வதாயின், செய்த உணவின் பெரும்பகுதி சோதனைக்கே செலவாகிவிடும் என்பதை அவர்கள் கண்டனர். எனவே மூலப்பொருள் முதற் பொதி கட்டுதல் வரை எவ்விடத்திற் கேடு புகக்கூடும் என்று ஆராய்ந்து, அவ்விடங்களிலேயே காவல் வைத்தனர். படைத்துறை ஆய்வுகூடத்தார் கையாண்ட பழுதுவகை ஆராய்ச்சியே அவர்களுக்கு வழிகாட்டிற்று. 1971 இல் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட இம்முறையைப் பின்னர் உலக உணவு நியம நிறுவனமும் 1993 இல் ஏற்றது. இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் மீனைப் பதனிடும் நிலையங்களும் இன்று இம்முறைக்கு அமைந்தே இயங்க வேண்டும்.

மோட்டார் வண்டித் தொழிலில் இப்பகுப்பாய்வு 1970 களின் பிற்பகுதியில் வேரூன்றியது. பின்னாலிருந்து மோதப்பட்டால் தீப்பற்றும் அபாயத்தின் பொருட்டு, போர்ட் நிறுவனம் 1978 இல் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பாதுகாப்பும் சட்டமும் நெருக்கிய அக்காலத்திலேயே அந்நிறுவனம் வடிவமைப்புக்கும் செய்முறைக்கும் இம்முறையைப் பரவலாகக் கைக்கொண்டது. பின்னர் அதற்குப் பொருள் வழங்குவோரும் ஏனைய வண்டி உற்பத்தியாளரும் அதே வழியைப் பின்பற்றினர்.

இவ்வாறு முறை பரவி வந்த வேளையில், அதன் வரலாற்றிலே மிகத் துயரமான அத்தியாயம் எழுதப்பட்டது. அமெரிக்க விண்ணோடத்தை உந்தித் தூக்கிய இரு திண்ம ரொக்கெட்டுகளும் பல துண்டங்களாகச் செய்யப்பட்டு ஏவுதளத்தில் இணைக்கப்படுபவை. இணைப்புகளில் வெவ்வாயு கசியாதிருக்கும்படி செயற்கை இறப்பர் வளையங்கள் இரண்டு வைக்கப்பட்டன. கால் அங்குலத்துக்குச் சிறிதே மிகுந்த தடிப்பும், 12 அடி விட்டமும் கொண்டவை அவை. ரொக்கெட் பற்றியதும் உள்ளமுக்கத்தால் அதன் சுவர் சற்றுப் புடைக்க, இணைப்பின் இடைவெளி விரியும். அக்கணமே வளையம் விரிந்து அவ்விடைவெளியை அடைக்க வேண்டும். முதல் வளையம் தவறின் இரண்டாவது காக்கும் என்பதே வடிவமைத்தோரின் நம்பிக்கை.

1980 இல் எழுதப்பட்ட பட்டியலிலும் அவ்விணைப்பு, மாற்றுறுப்பு உள்ளதாகவே வகுக்கப்பட்டது. ஆனால் சோதனைகள் வேறு செய்தி கூறின. இணைப்பு விரியும்போது இரண்டாவது வளையம் தன் இடத்தில் இறுகி நிற்கும் என நம்ப இயலாது என்பது தெரிந்தது. எனவே 1982 டிசம்பரில் அவ்விணைப்பு முதலாம் வகுப்புக்கு மாற்றப்பட்டது. அஃதாவது, இவ்வோரிடம் தவறினால் கலமும் அதிலுள்ளோரும் அழிவர் என்று ஏட்டில் எழுதப்பட்டது. பகுப்பாய்வு தன் கடமையைச் செவ்வனே செய்துவிட்டது எனலாம். ஆனால் அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில், மாற்றுறுப்பு வேண்டும் என்ற விதியிலிருந்து அவ்விணைப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பறப்புகளும் தொடர்ந்தன.

திரும்பி வந்த ரொக்கெட்டுகளில் வளையங்கள் கருகியும் அரிக்கப்பட்டும் இருந்தமை பன்முறை காணப்பட்டது. முதன்முறை கண்டபோது அது திடுக்கிடச் செய்தது. பல முறை கண்ட பின் பழகிப்போயிற்று. இம்முறையும் தப்பியது, ஆகவே அடுத்த முறையும் தப்பும் என்ற எண்ணம் வேரூன்றியது. ரொக்கெட் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் றொஜர் பொய்ஸ்ஜொலி 1985 ஜூலை 31 இல் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பில், இப்பழுது உடனே தீர்க்கப்படாவிடின் பெரும் உயிரழிவு நேரும் என்று எச்சரித்தார்.

1986 ஜனவரி 27 ஆம் நாள் இரவு, மறுநாட் காலை கடுங்குளிராயிருக்கும் என்று தெரிந்தது. குளிரில் இறப்பர் இறுகும், விரைந்து விரியாது. அந்நிறுவனத்துப் பொறியியலாளர் தொலைபேசி வழியான கூட்டத்தில், வெப்பநிலை 53 பாகை பரனைற்றுக்குக் கீழ் இருக்குமாயின் ஏவுதல் தகாது என்றனர். அதுவே அதுவரை ஏவப்பட்ட நாட்களுள் மிகக் குளிர்ந்த நாளின் அளவு. ஆபத்து உண்டென்பதற்கு உறுதியான நிரூபணம் எங்கே என்று வினவப்பட்டது. இவ்விடத்திலேதான் முறையே தலைகீழாயிற்று. பாதுகாப்பானதென நிறுவுவதே ஏவுவோரின் கடமை. அவ்விரவிலோ ஆபத்தானதென நிறுவும் சுமை எச்சரித்தவர்மீது வைக்கப்பட்டது. நிறுவனத்தின் முகாமையாளர் தனியே கலந்தாலோசித்து, பொறியியலாளரின் மறுப்பைக் கடந்து, ஏவலாம் என முடிவுகூறினர்.

மறுநாட் காலை சலஞ்சர் விண்ணோடம் மேலெழுந்தபோது வெப்பநிலை 36 பாகை. நீர் உறையும் நிலைக்கு நான்கே பாகை மேல். எழுந்து 73 செக்கன்களில் அது வானிற் சிதறிற்று. கிறிஸ்ரா மக்கோலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை உட்பட எழுவரும் மாண்டனர். விசாரணைக் குழுவில் இடம்பெற்ற பௌதிகவியல் அறிஞர் றிச்சட் பெயின்மன், பெப்ரவரி 11 இல் அவையோர் முன்னிலையில் வளையத்தின் ஒரு துண்டைக் குறட்டாற் பிடித்துப் பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்தார். குறட்டைத் தளர்த்தியபோது அது பழைய வடிவுக்கு விரைந்து மீளவில்லை. ஒரு குவளை நீரில் எவரும் காணத்தக்கதாய் இருந்த உண்மை, மூன்று ஆண்டுகளாக ஏட்டிலும் இருந்தது. அழிவுக்குப் பின் பட்டியல்கள் அனைத்தும் மீளாராயப்பட்டன. இணைப்பு திருத்தி அமைக்கப்பட்டது. 1988 செப்ரெம்பர் 29 வரை விண்ணோடம் மீண்டும் எழவில்லை.

பட்டியலை வாசிப்பதிலும் வேறொரு பிழை நேரக்கூடும். கடுமை, நேரும் வாய்ப்பு, கண்டறியும் அருமை ஆகிய மூன்றுக்கும் ஒன்று முதற் பத்து வரை புள்ளியிட்டு, மூன்றையும் பெருக்கி வரும் எண்ணால் பழுதுகளை வரிசைப்படுத்துவது தொழிற்சாலைகளில் வழக்கமாயிற்று. ஒரு பழுது உயிரைக் கொல்வது, அதன் கடுமை 10, வாய்ப்பு 2, கண்டறிதல் 2, பெருக்கம் 40. மற்றொன்று வெறும் வண்ணக் குறை, கடுமை 2, வாய்ப்பு 5, கண்டறிதல் 5, பெருக்கம் 50. எண்ணை மட்டும் நம்புவோன் வண்ணக் குறையையே முதலில் திருத்துவான். இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு, அமெரிக்க, ஜேர்மானிய மோட்டார் வண்டித் தொழிலோர் கூடி 2019 இல் வெளியிட்ட கைந்நூல் அப்பெருக்கல் எண்ணைக் கைவிட்டது. கடுமைக்கு முதலிடம் அளித்து, உடனடியாகச் செயற்பட வேண்டியவை எவை, பொறுக்கத்தக்கவை எவை எனப் பிரிக்கும் முறையை அது வகுத்தது.

மற்றுமொரு குறை, பட்டியல் எழுதும் காலத்தைப் பற்றியது. வடிவம் முடிந்து, அச்சு வார்த்து, இயந்திரங்கள் வாங்கிய பின், வாங்குவோர் கேட்கிறார் என்பதற்காகச் சிலர் இப்படிவங்களை நிரப்புவர். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதற்கு இஃது ஒப்பாகும். தாளில் ஒரு கோட்டை அழித்து மாற்றக்கூடிய நிலையிலேயே இப்பகுப்பாய்வு நடைபெறல் வேண்டும். பொருள் வழங்கத் தொடங்கிய பின்னும் ஏட்டை மூடிவிடலாகாது. பழுதுபார்ப்பவன் காணும் ஒவ்வொரு புதிய குறையும் அதில் ஏறவேண்டும். கருகிய வளையத்தைக் கண்டவன் கையில் அந்த ஏடு இருந்து, அவன் எழுதியதற்கு விடை கூறும் கடமை ஒருவருக்கு இருத்தல் வேண்டும்.

இன்று மருத்துவமனைகளிலும், மின் நிலையங்களிலும், இரயிற் பாதைகளிலும் இம்முறை வழங்கிவருகிறது. அதன் வெற்றிகளை எண்ணிக் காட்டுதல் அரிது. இடிந்த பாலத்துக்கு நாளும் இடமும் உண்டு. இடியாத பாலத்துக்கு அவை இல்லை. தக்க வேளையில் மாற்றப்பட்ட ஓர் ஆளி, தடிப்பாக்கப்பட்ட ஒரு தகடு, மேசைமேல் வைக்கப்பட்ட ஒரு சிறு தட்டு ஆகியவற்றால் உயிர் தப்பியோர், தாம் தப்பியதை அறியாமலே வீடு திரும்புகின்றனர். அவர்கள் நன்றி கூறுவதற்கு ஒருவரும் இல்லை.

ஆயினும் கொமெற் முதற் சலஞ்சர் வரையான வரலாறு கூறுவது தெளிவு. பழுதை எண்ணாதிருத்தல் ஒரு குற்றம். எண்ணி எழுதியபின் அதனை வாசியாதிருத்தல் அதனினும் பெரிய குற்றம். பட்டியல் தானாக எவரையும் காக்காது. அதனை எழுதுவோர்க்கு அஞ்சாது எழுதும் உரிமை வேண்டும். அதனைப் பெறுவோர்க்கு, நாள் தவறினாலும் பொருள் இழந்தாலும், ஏவுதலை நிறுத்தும் துணிவு வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்திலேதான் ஏட்டில் எழுதிய பழுது ஏட்டோடு நின்றுவிடும்.